தனுஷ்கோடியில் எடுத்த ஃபிலிம் ரோலில் ஆரஞ்சுத் தீற்றல்: கேமராவில் வெளிச்சம் எங்கே புகுகிறது?

கேள்வியில் இருப்பது இவ்வளவு: பென்டாக்ஸ் கே1000 ஃபிலிம் கேமரா, 400 ஐஎஸ்ஓ கலர் ரோல், பாம்பன் பாலத்திலும் அரிச்சல்முனையிலும் உச்சி வெயிலில் எடுத்த படங்கள், அவற்றில் ஏழெட்டில் கீழ்ப்பக்கம் ஆரஞ்சுத் தீற்றல். மணல் கண்ணைப் பறிக்கும் இடமாயிற்றே, அதன் வெளிச்சம்தானா என்று கேட்கிறீர்கள்.

மணலாக இருக்காது. மணலில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் லென்ஸ் வழியாகத்தான் உள்ளே வரவேண்டும். வந்தால் படத்தை வெளிறடிக்கும், ஆரஞ்சாக்காது. கலர் நெகட்டிவில் சிவப்பை உணரும் அடுக்கு ஃபிலிமின் முதுகை ஒட்டி இருக்கிறது. பின்கதவு வழியாகப் புகும் வெளிச்சம் முதலில் அதைத்தான் தொடும். ஆரஞ்சு, சிவப்பு என்றால் பின்னாலிருந்து வந்தது என்று முக்கால்வாசி முடிவு கட்டலாம்.

மீதிக் கால்வாசிக்கு நெகட்டிவ் வேண்டும். ஸ்கேனை நம்பாதீர்கள், லேப் மெஷின் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்திருக்கும். நெகட்டிவில் லீக், அதாவது கசிந்து புகுந்த வெளிச்சம், கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்பு படச் சட்டத்தைத் தாண்டி ஓரத்துப் பல்துளைகள் வரை போயிருந்தால் கதவு அல்லது ஃபிலிம் டப்பா. சட்டத்துக்குள்ளேயே வெட்டினாற்போல் நின்றால் ஷட்டர், கண்ணாடிப் பெட்டி (லென்ஸுக்குப் பின்னால் சாய்ந்த கண்ணாடி நிற்கும் அறை), லென்ஸ் மவுண்ட் (லென்ஸ் பொருந்தும் வளையம்). முதல் இரண்டு மூன்று படங்கள் மட்டும் வெளிச்சம் பட்டுப் புகைந்திருந்தால் கேமரா மேல் பழி வேண்டாம். வெயிலில் நின்று ரோல் போட்டிருக்கிறீர்கள்.

பலர் சறுக்குவது அடுத்த இடத்தில். கேமராவுக்குள் படம் தலைகீழாக, இடம் வலம் மாறி விழுகிறது. படத்தின் கீழ்ப்பக்கம் கேமராவின் மேல்பக்கம். படத்தின் இடப்பக்கம், கதவின் கீல் இருக்கும் வலக்கைப் பக்கம். பாலத்தில் ரயிலுக்காகக் கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டு நிற்கும்போது உச்சி வெயில் விழுவது மேல்தகட்டில். அங்கே கதவு பொருந்தும் பள்ளத்தில் வெளிச்சத்தைத் தடுக்கும் ஃபோம் கெட்டுப் போயிருந்தால் தீற்றல் படத்தின் கீழேதான் வரும். உங்கள் படங்கள் சொல்வதும் அதையே.

உறுதி செய்ய ஒரு வழி: வெட்டாத நெகட்டிவைக் காலிக் கேமராவில், மங்கலான பக்கம் லென்ஸைப் பார்க்க, படம் தலைகீழாக வையுங்கள். கறை விழுந்த படத்தைக் கேட்டின் (ஃபிலிமில் வெளிச்சம் விழும் செவ்வகத் திறப்பு) மேல் நிறுத்தி, கறுப்பு எந்த விளிம்பைத் தொடுகிறது என்று பாருங்கள். பொருந்தவில்லையா, ஒரு படம், அதாவது 8 பல்துளை, வலப்பக்கம் நகர்த்துங்கள். கீல் வழியாகப் புகும் வெளிச்சம் கேட்டில் நிற்கும் படத்தை விட, எடுத்து முடித்து நகர்ந்த படத்தைத்தான் அதிகம் பிடிக்கும். அங்கே, கதவின் உட்புறம் ஃபிலிமை அழுத்திப் பிடிக்கும் தகட்டின் மறைப்பு இல்லை.

ஷட்டரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கே1000-இல் இருப்பது ரப்பர் பூசிய துணித் திரை. இருட்டறையில் லென்ஸைக் கழற்றி, முன்னாலிருந்து டார்ச் அடித்து, பின்னாலிருந்து ஊசித்துளை தெரிகிறதா என்று பாருங்கள். ஷட்டரை ஏற்றி ஒரு தடவை, ஏற்றாமல் ஒரு தடவை, திரைகள் இரண்டு. கண்ணாடி குறுக்கே நிற்கும் என்பதால் டார்ச்சைச் சாய்த்துப் பல கோணத்தில் அடிக்கவேண்டும்.

இன்னும் சந்தேகமென்றால் அடுத்த ரோலில் முதல் பாதியை அப்படியே எடுங்கள். பின்பாதிக்குக் கதவைச் சுற்றிக் கறுப்பு இன்சுலேஷன் டேப். பாதியில் தீற்றல் நின்றால் குற்றவாளி கதவுதான். டேப்பை வாரக்கணக்கில் விடாதீர்கள், நம் ஊர் வெக்கையில் பசை உருகி ஒட்டும்.

ஃபோம் கெடக் காரணம் உப்பு என்று சொல்வார்கள். பாலியூரிதேன் ஃபோமைச் சிதைப்பது ஈரமும் சூடும். அது கடைசியில் தார் மாதிரி பிசுபிசுக்கும். உப்பு அரிப்பது கொக்கியையும் திருகாணியையும். இந்தக் கரையில் இன்னொரு வில்லன் மணல்: பள்ளத்தில் ஒரே ஒரு பரல் கிடந்தாலும் கதவு மயிரிழை தூக்கி நிற்கும். ஃபோமில் கைவைக்கும் முன் ஊதுபந்தால் ஊதிப் பாருங்கள்.

மாற்றுவது கடினமில்லை. மொபைல் ரிப்பேர் கடையில் புழங்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பல்குச்சி முனையில் தொட்டு, பழைய பிசினைச் சுரண்டி எடுங்கள். கேமராவின் திறந்த பக்கம் தரையைப் பார்க்கட்டும். துணுக்கு ஷட்டர் திரையில் ஒட்டினால் வேலை இரட்டிப்பு. பள்ளத்துக்குக் கறுப்புப் பின்னல் நூலே போதும், சிறு பொட்டுப் பசையில் உட்காரும். கீல் பக்கத்துக்கு மெல்லிய ஃபோம் அல்லது ஃபெல்ட். மெலிதாகவே தொடங்குங்கள், கனம் கூடினால் கதவு மூடாது, அழுத்தி மூடினால் கொக்கி தேயும். கண்ணாடிக்கு மேலே உள்ள ஃபோமும் நொறுங்கியிருந்தால் அதை ஆல்கஹாலில் நனைக்கவேண்டாம். அது வழிந்து பிளாஸ்டிக் ஃபோகஸிங் ஸ்கிரீனில் (வியூஃபைண்டரில் படம் தெரியும் தகடு) பட்டால் அந்தக் கறை போகாது.