டிக் கெர் லேடீஸ்: 828 ஆட்டங்களும் ஒரு தடையும் (கேள்வி பதில்)

இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரத்துப் பெண்கள் கால்பந்து அணி டிக் கெர் லேடீஸ். ஒரு ஆட்டத்துக்கு 53,000 பேர் வருமளவு கூட்டம் பெருகிய பிறகுதான் அந்த அணியைப் பெரிய மைதானங்களிலிருந்து வெளியே தள்ளினார்கள் என்று போன வாரம் ஒரு வரி சொல்லிவிட்டுப் போனேன். அதற்கு வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. பல வருடமாக இந்த அணியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்து வருகிறேன், அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

பள்ளி பி.டி. ஆசிரியர் ஒருவர்: பெயரே விளங்கவில்லை மேடம். டிக் கெர் என்பது ஆளா, ஊரா?

கம்பெனி சார். டிக், கெர் என்ற இரண்டு ஸ்காட்லாந்துக்காரர்களின் பெயரில் இருந்த கம்பெனி. அதன் பிரெஸ்டன் தொழிற்சாலையில் டிராம் வண்டிகளுக்கும் ரயிலுக்கும் வேண்டியதைச் செய்தார்கள். முதல் உலகப் போர் வந்ததும் பீரங்கிக் குண்டு தயாரிப்பு ஆரம்பித்தது. ஆண்கள் படைக்குப் போக, பெண்கள் வேலைக்கு வந்தார்கள். மதிய உணவு இடைவேளையில் அந்தப் பெண்கள் முற்றத்தில் வேலை பழகும் பையன்களோடு பந்து உதைப்பார்கள். கம்பெனியின் ஆண்கள் அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருக்க, இவர்கள் கேலி செய்ய, கேலி பந்தயமாகி, பந்தயம் அணியானது என்று சொல்வார்கள். அதற்கு முன்னால் நின்றவர் கிரேஸ் சிபர்ட். அலுவலகத்தில் வேலை பார்த்த ஆல்ஃபிரட் ஃபிராங்க்லேண்ட் அணியின் மேலாளரானார். ஏறக்குறைய 40 வருடம் அவர்தான் அதைக் கட்டி இழுத்தார்.

கல்லூரி மாணவி: முதல் மேட்ச் எப்போது அக்கா?

1917 கிறிஸ்துமஸ் அன்று. பிரெஸ்டன் நார்த் எண்ட் கிளப்பின் டீப்டேல் மைதானத்தில், அருண்டெல் கூல்தார்ட் என்ற இன்னொரு தொழிற்சாலைப் பெண்களுக்கு எதிராக. 10,000 பேர் பார்த்தார்கள், 4-0 வெற்றி, சுமார் 200 பவுண்டு வசூல். காயம்பட்ட சிப்பாய்களின் மருத்துவமனைக்காக நடந்த ஆட்டம் அது. லீக், கோப்பை என்று எதுவும் கிடையாது. அணியை அழைப்பார்கள், போய் ஆடுவார்கள், டிக்கெட் காசு தர்மத்துக்குப் போகும். கடைசிவரை பெரும்பாலும் அப்படித்தான். கீழே ஒருவர் ரெக்கார்டு பற்றிக் கேட்டிருக்கிறார், அங்கே இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐ.எஸ்.எல். ரசிகர்: 53,000 பேர் வந்தார்கள் என்பது நிஜமா? கொஞ்சம் ஊதியதுபோல இருக்கிறதே.

நிஜம் தம்பி. 1920 டிசம்பர் 26, லிவர்பூலில் எவர்டன் கிளப்பின் குடிசன் பார்க். எதிரணி செயின்ட் ஹெலன்ஸ் லேடீஸ். உள்ளே 53,000 பேர். கேட்டைச் சாத்திய பிறகு வெளியே நின்றவர்களே பத்தாயிரத்துக்கு மேல். பெண்கள் கிளப் ஆட்டம் ஒன்றுக்கு அவ்வளவு கூட்டம் மறுபடி வர 2019 ஆகிவிட்டது. அந்த வருடம் மாட்ரிட்டில் அத்லெட்டிகோவும் பார்சிலோனாவும் மோதியதை 60,000 பேருக்கு மேல் பார்த்தார்கள். இடையில் 98 வருடம்!

அன்றைக்கு அணியின் பெரிய கோல் மெஷின் ஃபுளோரி ரெட்ஃபோர்ட் ரயிலைத் தவறவிட்டார். இடைவேளை வரை ஒரே ஒரு கோல். இரண்டாம் பாதியில் பின்வரிசையில் ஆடுகிற கேப்டன் ஆலிஸ் கெல் முன்னே ஏறிப்போய் மூன்று கோல் போட்டார். முடிவு 4-0, வசூல் 3,115 பவுண்டு. டிஃபென்டர் ஒருத்தி 53,000 பேர் முன்னால் ஹாட்ரிக் போட்டாள் என்பதை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதே ரசிகர்: அது ஒரு நாள் கூத்தாக இருக்கலாமே?

அப்படியென்றால் அதற்குப் பத்து நாள் முன்னால் போங்கள். 1920 டிசம்பர் 16, டீப்டேலில் இரவு ஆட்டம். போர்க்காலத் தேடுவிளக்குகள் இரண்டை ராணுவத்திடம் கேட்டு வாங்கினார்கள். அனுமதி கொடுத்தவர் அப்போது போர்த்துறை அமைச்சராக இருந்த சர்ச்சில். இருட்டில் தெரிவதற்காகப் பந்துக்கு வெள்ளை அடித்து அடித்து ஆடினார்கள். அதற்கும் 12,000 பேர். வேலையில்லாத முன்னாள் சிப்பாய்களுக்கு அந்தப் பணம் போனது. அடுத்த வருடம், 1921-இல், 67 ஆட்டங்களைச் சுமார் 9 லட்சம் பேர் பார்த்தார்கள். வாரத்துக்கு ஒன்றுக்கும் மேல்! ஆடியவர்கள் எல்லோரும் வேலைக்குப் போகிற பெண்கள்.

பத்தாம் வகுப்பு மாணவி: வெளிநாட்டு அணிகளோடு ஆடினார்களா?

ஆடினார்கள் கண்ணா. 1920 ஏப்ரலில் பிரான்ஸ் பெண்கள் அணி வந்தது. பெண்கள் விளையாட்டுக்காகப் போராடிய ஆலிஸ் மில்லியாதான் அவர்களைக் கூட்டிவந்தார். நான்கு ஆட்டங்கள்: பிரெஸ்டனில் 2-0, ஸ்டாக்போர்ட்டில் 5-2, மான்செஸ்டரில் 1-1. லண்டன் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் மட்டும் 2-1 என்று தோற்றார்கள். அதே வருடம் இவர்களும் பிரான்ஸ் போய் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் திரும்பினார்கள்.

வழக்கறிஞர் ஒருவர்: தடை என்கிறீர்கள். சட்டப்படி என்ன தடை? என்ன காரணம் காட்டினார்கள்?

அரசு சட்டம் எதுவும் இல்லை சார். 1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் தீர்மானம் போட்டது. கால்பந்து பெண்களுக்குப் பொருந்தாத ஆட்டம், அதை ஊக்குவிக்கக் கூடாது, சங்கத்தில் இருக்கும் கிளப்புகள் தங்கள் மைதானத்தைக் கொடுக்கக் கூடாது. பெண்கள் ஆடுவதை யாரும் குற்றமாக்கவில்லை, ஆடும் இடத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். குடிசன் பார்க்கும் டீப்டேலும் போய்விட்டால் 50,000 பேரை எங்கே உட்கார வைப்பது?

காட்டிய காரணங்கள் இரண்டு. ஒன்று, பெண்ணின் உடம்புக்கு ஆகாது என்பது. அதற்குச் சான்று சொல்ல மருத்துவர்களும் இருந்தார்கள். குண்டு ஆலையில் மணிக்கணக்கில் நின்று வேலை செய்தபோது அதே உடம்பைப் பற்றி இவ்வளவு கவலை வரவில்லை. இன்னொன்று, வசூலில் அதிகப்படி செலவுக்குப் போகிறது என்ற குற்றச்சாட்டு. ஆட்டக்காரிக்கு ஒரு ஆட்டத்துக்குச் செலவுக் காசு 10 ஷில்லிங், அதாவது அரை பவுண்டு. 1921-இல் வேலை மறுக்கப்பட்ட சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்காகப் பெண்கள் அணிகள் ஆடியது மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஆனால் உண்மையான முக்கியக் காரணம் கூட்டம்தான் என்பது என் கணிப்பு. அன்றைக்கு இங்கிலாந்தில் ஏறக்குறைய 150 பெண்கள் அணிகள் இருந்தன. போர் முடிந்து ஆண்கள் லீக் திரும்பிவிட்ட பிறகும் இவர்களுக்குக் கூட்டம் குறையவில்லை.

ஓய்வுபெற்ற தபால் ஊழியர்: தடைக்குப் பிறகு கலைந்துவிட்டார்களா அம்மா?

இல்லை ஐயா, 1965 வரை ஆடினார்கள். 1922-இல் கப்பலேறி வட அமெரிக்கா போனார்கள். கனடாவில் அங்கிருந்த சங்கமும் ஆட விடவில்லை. அமெரிக்காவில் ஆண்கள் அணிகளோடு 9 ஆட்டங்கள். மூன்றில் வெற்றி, மூன்றில் தோல்வி, மூன்று சமம். ஊர் திரும்பியதும் சங்கத்தில் சேராத திடல்கள்தான் கதி. கம்பெனியோடும் ஃபிராங்க்லேண்டுக்கு ஒத்துப்போகாமல், 1926 முதல் பிரெஸ்டன் லேடீஸ் என்ற பெயரில் ஆடினார்கள். வேலை போன பெண்கள் பலர் விட்டிங்ஹாம் மனநல மருத்துவமனையில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தார்கள். 1937-இல் எடின்பரோ அணியை 5-1 என்று வென்று உலக சாம்பியன் என்று தங்களை அழைத்துக்கொண்டார்கள். கடைசியில் ஆட ஆள் சேராமல்தான் முடிந்தது. பெரிய மைதானத்தில் ஒரு பெண்கூட ஆடிப் பார்க்காமல் வளர்ந்த சிறுமி எப்படி வந்து சேருவாள்?

இடதுகால் ஆட்டக்காரி ஒருவர்: லில்லி பார் பற்றிச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள் அக்கா!

எப்படி விடுவேன்? 1905-இல் செயின்ட் ஹெலன்ஸில் பிறந்தவர். 14 வயதில் இந்த அணிக்கு வந்தார். லெஃப்ட் விங், கிட்டத்தட்ட ஆறடி உயரம். ஆண்களைப் போல ஓங்கி அடிப்பார் என்று எழுதுவார்கள். எனக்கு அந்த ஒப்பீடே பிடிக்காது, அவர் லில்லி பார் போல அடித்தார். 1921-இல் மட்டும் 108 கோல். (ரெட்ஃபோர்ட் அதே வருடம் 170. அவரை யாரும் பேசுவதில்லை என்பது என் நீண்ட நாள் வருத்தம்.) லில்லி 1951 வரை ஆடினார், மொத்தம் 900 கோலுக்கு மேல் என்கிறார்கள். அவர் அடித்த பந்தில் ஒரு ஆண் கோல்கீப்பரின் கை முறிந்தது என்றும் சொல்வார்கள். அதைக் கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். 1978-இல் காலமானார். 2002-இல் இங்கிலாந்து கால்பந்துப் புகழ் மன்றத்தில் இடம்பெற்ற முதல் பெண் இவர். 2019-இல் மான்செஸ்டரில் சிலையும் வைத்தார்கள்.

புள்ளிவிவரப் பிரியர்: மொத்த ரெக்கார்டு?

828 ஆட்டம், 758 வெற்றி, 46 சமம், 24 தோல்வி. நூற்றுக்கு 91-க்கு மேல் வெற்றி. ஆனால் இதை இன்றைய லீக் கணக்கோடு ஒப்பிடாதீர்கள். எதிரணிகளில் பல அப்போதுதான் கூடியவை, பயிற்சி இல்லாதவை. நல்ல ஆட்டக்காரி எதிரணியில் தென்பட்டால் ஃபிராங்க்லேண்ட் அவளுக்கு வேலை பிடித்துக்கொடுத்து இழுத்துக்கொள்வார். லில்லி பாரே செயின்ட் ஹெலன்ஸிலிருந்து அப்படி வந்தவர்தான். நான் மதிக்கிற எண் வேறு. தர்மத்துக்குச் சேர்த்தது சுமார் 1,80,000 பவுண்டு, அதுவும் அந்தக் காலத்துக் காசில்.

பத்தாம் வகுப்பு மாணவி: தடையை எடுத்தார்களா? மன்னிப்புக் கேட்டார்களா?

தடை முழுதாக நீங்கியது 1971-இல். மன்னிப்பு 2008-இல். அதற்குள் அந்த முதல் அணியில் ஆடியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். 2017-இல், முதல் ஆட்டத்தின் நூறாவது ஆண்டில், டீப்டேல் மைதானத்தில் அவர்களுக்கு நினைவுக்கல் வைத்தார்கள். இன்னொன்றும் சொல்கிறேன் கண்ணா. 1972-இல் இங்கிலாந்துப் பெண்கள் அணி தன் முதல் அதிகாரபூர்வ ஆட்டத்துக்கு இறங்கியபோது கேப்டன் ஷீலா பார்க்கர். அவர் ஆடத் தொடங்கியது 13 வயதில், இதே அணியில்.