ஒரே கன்ட்ரோலர், வீட்டில் நாலு கருவி: வாசகர் கேள்வி-பதில்

வயர்லெஸ் கேம் கன்ட்ரோலர்களைப் பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் பொதுவாகப் பயன்படக்கூடியவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒரு எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் வாங்கினேன். பட்டன் மினுக்குகிறது, ஆனால் லேப்டாப்பிலும் சரி, போனிலும் சரி, புளூடூத் பட்டியலில் பெயரே வரவில்லை. விற்றவரோ புளூடூத் உண்டு என்று சாதிக்கிறார்.
– கல்லூரி மாணவர், ஈரோடு

பேட்டரி மூடியைக் கழற்றி, இரண்டு பேட்டரியையும் எடுத்துவிட்டு, உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். மாடல் எண் 1537 அல்லது 1697 என்றிருந்தால் அதில் புளூடூத் கிடையாது. 2013இல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன் கேம் கன்சோலுடன் வந்தது 1537. ஹெட்போன் துளை சேர்த்து 2015இல் வந்தது 1697. இரண்டும் மைக்ரோசாஃப்டின் தனி வயர்லெஸ் முறையில் மட்டுமே பேசும். 2016இல் வந்த 1708இலும், 2020இல் வந்த 1914இலும் புளூடூத் உண்டு. 1914ஐப் பார்த்ததும் தெரிந்துகொள்ளலாம்: நடுவில் ஷேர் பட்டன் இருக்கும், மேலே யுஎஸ்பி-சி துளை இருக்கும்.

ஸ்டிக்கர் கிழிந்திருந்தாலும் வழி இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் பட்டனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக், மேலே உள்ள பம்பர் பட்டன்களோடு சேர்ந்த தனித் துண்டாகப் பளபளவென்று இருந்தால் அது புளூடூத் இல்லாத ரகம். முன்பக்க உடலோடு ஒரே துண்டாக, அதே நிறத்தில், மங்கலாக இருந்தால் புளூடூத் உள்ள ரகம். வாங்கும்போதே இதைப் பார்த்துவிட்டால் பணம் வீணாகாது.

உங்களுடையது பழைய மாடல் என்றால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மைக்ரோ யுஎஸ்பி கேபிளில் விண்டோஸ் கணினியோடு தாராளமாக வேலை செய்யும். வயர் வேண்டாம் என்றால் 'எக்ஸ்பாக்ஸ் வயர்லெஸ் அடாப்டர்' என்ற டாங்கிள், அதாவது யுஎஸ்பி துளையில் செருகும் சிறிய கருவி, வேண்டும். போனில் யுஎஸ்பி கருவிகளைச் செருக உதவும் ஓடிஜி கேபிள் வழியாகப் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களும் ஏற்றுக்கொள்ளும்.

புளூடூத் உள்ள மாடல்தான் என்றால், எக்ஸ்பாக்ஸ் பட்டனை அழுத்தி ஆன் செய்யுங்கள். பிறகு மேல்விளிம்பில் யுஎஸ்பி துளைக்குப் பக்கத்தில் இருக்கும் 'பேர்' (pair, இணைப்பதற்கான) என்ற சிறிய பட்டனை 3 விநாடி அழுத்திப் பிடியுங்கள். விளக்கு வேகமாக மினுக்கினால்தான் அது பேரிங் நிலை. மெதுவாக மினுக்கினால் பழைய எக்ஸ்பாக்ஸைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். 1914க்குக் குறைந்தது புளூடூத் 4.0 தேவை. பழைய கணினி என்றால் இதையும் பாருங்கள்.

கேள்வி: சோனியின் பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4) கன்ட்ரோலரைப் போனோடு சேர்த்து விளையாடுகிறோம். மறுநாள் பிஎஸ்4இல் விளையாடினால் போன் மறந்துவிடுகிறது. போனில் சேர்த்தால் பிஎஸ்4 மறந்துவிடுகிறது. கன்ட்ரோலர் பழுதா?
– இரண்டு பையன்களின் அம்மா, மதுரை

பழுதே இல்லை அம்மா. அந்தக் கன்ட்ரோலருக்கு நினைவில் ஒரே ஒரு இடம்தான். கடைசியாக எந்தக் கருவியோடு சேர்ந்ததோ, அதன் முகவரியையும் ரகசிய எண்ணையும் மட்டும் வைத்துக்கொள்ளும். பிஎஸ் பட்டனை அழுத்தும்போது அந்த ஒரு முகவரியைத்தான் கூப்பிடும். போனோ பழைய ரகசிய எண்ணை வைத்துக்கொண்டு பட்டியலில் கன்ட்ரோலரின் பெயரைக் காட்டிக்கொண்டே இருக்கும். அதைத் தொட்டால் 'இணைக்க முடியவில்லை' என்று வரும். பலரும் இந்த இடத்தில்தான் கன்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

போனுக்கு மாற்றும்போது, முதலில் போனின் புளூடூத் பட்டியலில் பழைய பெயரைத் தொட்டு 'ஃபர்கெட்' அல்லது 'அன்பேர்' கொடுங்கள். கன்ட்ரோலர் ஆஃப் ஆகியிருக்க வேண்டும். ஆன் ஆகியிருந்தால் பிஎஸ் பட்டனை 10 விநாடி பிடித்தால் அணையும். பிறகு ஷேர் பட்டனையும் பிஎஸ் பட்டனையும் ஒன்றாக அழுத்திப் பிடியுங்கள். சில விநாடிகளில் விளக்குப் பட்டை இரண்டிரண்டாக 'டக்டக்' என்று மினுக்கும். போனில் தேடினால் 'வயர்லெஸ் கன்ட்ரோலர்' என்ற பெயர் வரும். சேர்த்துவிடுங்கள்.

பிஎஸ்4க்குத் திரும்பும்போது யுஎஸ்பி கேபிளில் செருகி, பிஎஸ் பட்டனை ஒரு தரம் அழுத்தினால் போதும். செருகும் கேபிளைக் கவனியுங்கள். பழைய பவர் பேங்க், டார்ச் லைட் ஆகியவற்றோடு வரும் மெல்லிய கேபிள்கள் பலவற்றில் மின்சாரத்துக்கான இரண்டு கம்பிகள் மட்டும் இருக்கும். தகவல் போகும் கம்பிகள் இருக்காது. அதில் செருகினால் கன்ட்ரோலர் அழகாகச் சார்ஜ் ஏறும், ஆனால் பிஎஸ்4இல் சேரவே சேராது. அந்தக் கேபிளில் ஒரு ஆண்ட்ராய்டு போனைக் கணினியோடு இணைத்து, ஃபைல் மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்தக் கேபிளைச் சார்ஜுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கும் மசியாவிட்டால், கன்ட்ரோலரின் பின்பக்கம் எல்2 பட்டனுக்கு அருகே ஒரு ஊசித்துளை இருக்கும். பிஎஸ்4ஐ அணைத்துவிட்டு, விரித்த பேப்பர் கிளிப்பால் உள்ளே இருக்கும் பட்டனை 5 விநாடி அழுத்துங்கள். பிறகு கேபிளில் செருகிப் புதிதாகச் சேர்க்கலாம்.

பிஎஸ்5இன் கன்ட்ரோலரான டூயல்சென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைந்துவிட்டது. 2025 செப்டம்பரில் வந்த அப்டேட்டுக்குப் பிறகு அது நான்கு கருவிகளை நினைவில் வைக்கிறது. பிஎஸ் பட்டனோடு முக்கோணம், வட்டம், பெருக்கல், சதுரம் ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்து 5 விநாடிக்கு மேல் பிடித்தால் அந்தப் பட்டனில் ஒரு கருவி பதிவாகும். பிறகு அதே இரண்டையும் 3 விநாடிக்கு மேல் பிடித்தால் அந்தக் கருவிக்குத் தாவும். எக்ஸ்பாக்ஸ் 1914இல் ஒரு எக்ஸ்பாக்ஸ், ஒரு புளூடூத் கருவி என இரண்டு இடம் உண்டு. பேர் பட்டனை இரு தரம் தட்டினால் மாறிக்கொள்ளும்.

கேள்வி: பிஎஸ்4இன் கன்ட்ரோலரான டூயல்ஷாக் 4 கணினியில் 'கனெக்டட்' என்று காட்டுகிறது. ஆனால் கேமில் ஒரு பட்டனும் வேலை செய்யவில்லை. நண்பன் சொன்ன மென்பொருளைப் போட்டதும் மெனுவில் ஒரு தரம் கீழே அழுத்தினால் இரண்டு வரி தாண்டுகிறது.
– கோயம்புத்தூர் வாசகர்

இரண்டு கோளாறுக்கும் வேர் ஒன்றுதான். விண்டோஸ் கேம்களில் பெரும்பாலானவை எக்ஸ்-இன்புட் என்ற முறையில்தான் கன்ட்ரோலரைப் படிக்கின்றன. அது எக்ஸ்பாக்ஸ் 360 காலத்தில் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. சோனியின் கன்ட்ரோலர் அந்த முறையில் பேசாது. புளூடூத் சேர்ந்துவிட்டது, கேமுக்கு மட்டும் புரியவில்லை. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.

கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் கேம் இருந்தால் ஸ்டீமே அந்த வேலையைச் செய்யும். செட்டிங்ஸில் கன்ட்ரோலர் பகுதிக்குப் போய், பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர்களுக்கான ஸ்டீம் இன்புட்டை ஆன் செய்யுங்கள். வேறு இடத்தில் வாங்கிய கேமையும் 'ஆட் எ நான்-ஸ்டீம் கேம்' வழியாக ஸ்டீமுக்குள் சேர்த்து, அங்கிருந்து திறக்கலாம். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஆப் வழியாக வரும் கேம்களுக்கு மட்டும் டிஎஸ்4விண்டோஸ் என்ற இலவச மென்பொருள்தான் வசதி. அது சோனி கன்ட்ரோலரைப் படித்து, கேமுக்கு ஒரு போலி எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரைக் காட்டும்.

ஒரு அழுத்தலுக்கு இரண்டு வரி தாண்டுவது ஏன்? கேம் இப்போது உண்மையான கன்ட்ரோலரையும் பார்க்கிறது, போலியையும் பார்க்கிறது. ஒரே அழுத்தல் இரண்டு வழியாகவும் உள்ளே போகிறது. ஸ்டீம் இன்புட்டும் டிஎஸ்4விண்டோஸும் ஒரே நேரத்தில் ஓடினாலும் இதேதான் நடக்கும். ஏதாவது ஒன்றை மட்டும் வையுங்கள். டிஎஸ்4விண்டோஸ்தான் என்றால் கூடவே ஹிட்ஹைட் (HidHide) என்ற துணை மென்பொருளைப் போட்டு, உண்மையான கன்ட்ரோலரைக் கேமிடமிருந்து மறைத்துவிடுங்கள்.

திரையில் ஏ, பி, எக்ஸ், ஒய் என்று காட்டினால் குழம்ப வேண்டாம். ஏ என்பது பெருக்கல், பி வட்டம், எக்ஸ் சதுரம், ஒய் முக்கோணம். டூயல்சென்ஸின், அழுத்தும்போது இறுகும் டிரிகர் பட்டன்கள் கணினியில் வேண்டுமென்றால், பெரும்பாலான கேம்களில் கேபிளில் செருகியே ஆக வேண்டும்.

கேள்வி: டெஸ்க்டாப்பில் இணைத்தால் ஓடிக்கொண்டே இருக்கும் பாத்திரம் நான் விட்ட பிறகும் ஓடுகிறது. சில நேரம் இணைப்பே அறுந்துவிடுகிறது. மூன்றடி தூரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.
– பெட்டாலிங் ஜெயா, மலேசியா

முதலில் கணினியின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். வைஃபை உள்ள மதர்போர்டு என்றால் திருகு மறையோடு இரண்டு பொன்னிறக் குமிழ்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஆன்டெனா மாட்டியிருக்கிறதா? லேன் கேபிளில் இணையம் வருகிறதே என்று பலர் அதைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். புளூடூத்துக்கும் அதே ஆன்டெனாதான். அது இல்லாவிட்டால் மூன்றடிகூட எட்டாது. மாட்டியதுமே பலருக்குச் சரியாகிவிடும்.

யுஎஸ்பி டாங்கிள் வைத்திருந்தால் அது எந்தத் துளையில் இருக்கிறது என்று பாருங்கள். யுஎஸ்பி 3.0 கருவிகளும் கேபிள்களும் ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ரேடியோ இரைச்சலைக் கக்கும். இன்டெல் நிறுவனமே 2012இல் அளந்து வெளியிட்ட விஷயம் இது. புளூடூத் இயங்குவதும் அதே அலைவரிசையில்தான். எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க்குக்கு ஒட்டிய துளையில், இரும்புப் பெட்டிக்குப் பின்னால், டாங்கிளைச் செருகினால் சிக்னல் அந்த இரைச்சலில் மூழ்கிவிடும். ஒரு மீட்டர் யுஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, டாங்கிளை மேஜை மேல், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள்.

வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவதும் உதவும். ஒரே டாங்கிளில் புளூடூத் ஹெட்போனையும் சேர்த்து ஓட்டினால் இரண்டும் நேரத்துக்குப் போட்டி போடும். கேம் விளையாடும்போது வயர் ஹெட்போன் நல்லது. சும்மா இருந்துவிட்டு எடுக்கும்போது மட்டும் அறுகிறது என்றால், டிவைஸ் மேனேஜரில் புளூடூத் அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரம் மிச்சப்படுத்த அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் அதிரும்போது மட்டும் அணைகிறதா? அது ரேடியோ கோளாறு இல்லை. அதிர்வு மோட்டார் சட்டென்று மின்சாரம் இழுக்கும்போது தீர்ந்துபோன டபுள் ஏ பேட்டரியோ தளர்ந்த ஸ்பிரிங்கோ கைவிட்டுவிடுகிறது.

கேள்வி: டிவியில் ஃபயர் ஸ்டிக் இருக்கிறது. கன்ட்ரோலர் சேருமா?
– யாழ்ப்பாணம்

சேரும். செட்டிங்ஸில் கன்ட்ரோலர்ஸ் அண்ட் புளூடூத் டிவைசஸ், அதற்குள் கேம் கன்ட்ரோலர்ஸ், பிறகு ஆட் நியூ கேம் கன்ட்ரோலர். ஆண்ட்ராய்டு டிவி என்றால் ரிமோட்ஸ் அண்ட் ஆக்சசரீஸ் பகுதி. ஸ்டிக்கை டிவியின் முதுகில் நேராகச் செருகாமல், பெட்டியில் வரும் குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயரில் மாட்டுங்கள். சேர்ந்த பிறகும் எல்லாம் அரை நொடி தாமதமாக நடப்பதுபோல் இருந்தால் கன்ட்ரோலரைத் திட்டாதீர்கள். டிவி படத்தை மெருகேற்ற எடுத்துக்கொள்ளும் நேரம் அது. படத் தேர்வில் கேம் மோடு போட்டுப் பாருங்கள்.

கேள்வி: பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) விளையாட எந்தக் கன்ட்ரோலர் வாங்கலாம்?
– பத்தாம் வகுப்பு மாணவர், விருதுநகர்

அதற்காக எதையும் வாங்காதீர்கள் தம்பி. அந்த கேம் கன்ட்ரோலரை ஏற்பதில்லை. பட்டன் அழுத்தலைத் திரைத் தொடுதலாக மாற்றித் தரும் ஆப்கள் இருக்கின்றன. அவற்றைப் போட்டால் கணக்கு முடக்கப்படும் அபாயம் உண்டு. கால் ஆஃப் டூட்டி மொபைல், மைன்கிராஃப்ட் போன்றவை கன்ட்ரோலரை நேரடியாகவே ஏற்கின்றன. ஐபோனில் ஐஓஎஸ் 13 முதல் டூயல்ஷாக் 4ம் புளூடூத் உள்ள எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரும், 14.5 முதல் டூயல்சென்ஸும் வேலை செய்யும்.

கேள்வி: ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் பழைய கேம்கள் ஓட்டுகிறேன். ஒவ்வொரு முறை ரீஸ்டார்ட் செய்ததும் கன்ட்ரோலரை முதலிலிருந்து சேர்க்க வேண்டியிருக்கிறது.
– சிங்கப்பூர் வாசகர்

டெர்மினலில் புளூடூத்சிடிஎல் (bluetoothctl) என்ற புளூடூத் கட்டளைக் கருவியைத் திறந்து ஸ்கேன், பேர், கனெக்ட் மூன்றையும் செய்திருப்பீர்கள். விட்டுப்போனது டிரஸ்ட். பேர் முடிந்ததும் கன்ட்ரோலரின் முகவரியோடு டிரஸ்ட் கட்டளையைக் கொடுங்கள். அது இல்லாவிட்டால் கன்ட்ரோலர் தானாக வந்து கதவைத் தட்டும்போது ராஸ்பெரி பை அதை உள்ளே விடாது.

கேள்வி: கன்ட்ரோலரில் இருக்கும் ஹெட்போன் துளையில் செருகினால் போனில் சத்தம் வரவில்லையே?
– திருநெல்வேலி

வராது. போனோடு புளூடூத்தில் இணைந்திருக்கும்போது எக்ஸ்பாக்ஸ், சோனி இரண்டிலுமே அந்தத் துளை வேலை செய்யாது. ஹெட்போனைப் போனிலேயே செருகிக்கொள்ளுங்கள்.