‘டா’ ரஷ்யச் சொல்லா?

கேள்வி: ஐயா, என்ட தம்பி ருமேனியாவுக்கு, புக்கரெஸ்ட் டவுனுக்கு கட்டட வேலைக்குப் போய் எட்டு மாசமாகுது. அங்க ‘ஓம்’ எண்டதுக்கு ‘டா’ எண்டு சொல்றாங்களாம், ரஷ்யாக்காரரும் அப்பிடித்தானே. நீங்களும் ரஷ்யாக்காரர் மாதிரியா எண்டு கூட வேலை செய்யிற ஒராளிட்ட கேட்டதுக்கு அந்தாள்ட முகம் கறுத்துப்போச்சாம். ஏன் ஐயா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: தம்பி தெரியாமக் கேட்டுட்டார் தங்கச்சி, ஆனா அந்த மனிசனுக்கு அது நொந்திருக்கும்.

ருமேனிய மொழி லத்தீன் வழி வந்தது, இத்தாலி மொழிக்குச் சொந்தம். ஆனா சுத்திவர பெரும்பாலும் ஸ்லாவியச் சனம் (ரஷ்யர், பல்கேரியர், செர்பியர் மாதிரி ஆக்கள்), கோயில் வழிபாடும் பல நூறு வருசம் ஸ்லாவிய மொழியிலதான், எழுத்தும் 1860கள் வரைக்கும் சிரிலிக், அதாவது ரஷ்ய எழுத்து மாதிரி. ‘டா’ அந்தப் பழைய வழியால வந்தது, மொஸ்கோ குடுத்ததில்ல. நாங்க பாண் எண்டு சொல்றது போர்த்துக்கீசச் சொல், அதுக்காக எங்கள போர்த்துக்கீசர் எண்டா விடுவமா?

ரஷ்யா நேரா உள்ளுக்கு வந்தது பிந்தித்தான். 1812ல மொல்தாவியாவின்ட கிழக்குப் பகுதியான பெசராபியாவை எடுத்தாங்க, 1828ல இருந்து 1834 வரைக்கும், பிறகு ருமேனியாவாச் சேர்ந்த வாலாக்கியா, மொல்தாவியா ரெண்டுலயும் அவங்கட ஆமி. இதுல ஒரு விசயம் எனக்கு இண்டைக்கும் ஆச்சரியம், அந்த ரஷ்ய ஒபிசர்மார் தங்களுக்குள்ள பேசினது பிரெஞ்சு, அவங்க வச்ச டான்ஸ் விருந்துகளுக்குப் போகப்போகத்தான் துருக்கிப் பாணியில நீள அங்கி உடுத்திட்டிருந்த பிரபுக்கள்ட வீடுகளுக்குள்ள மேற்கத்திய உடுப்பும் பிரெஞ்சுப் பேச்சும் நல்லாப் பரவினது. தேத்தண்ணிக் கேத்தலுக்கு அங்க ‘சாய்னிக்’ எண்டு பேர், அது மட்டும் அசல் ரஷ்யச் சொல்தான்.

முகம் கறுத்ததுக்குக் காரணம் 1944க்குப் பிறகு நடந்தது. சோவியத் ஆமி வந்து 1958 வரைக்கும் இருந்திச்சு, 1948ல இருந்து பள்ளிக்கூடங்கள்ல ரஷ்ய மொழி கட்டாயம், பிரஷோவ் நகரத்துக்கு 1950ல ஸ்டாலின்ட பேரை வச்சாங்க, பத்து வருசம் அந்தப் பேர்தான். எல்லாத்தையும் விட எழுத்தில கை வச்சதுதான் பெரிய காயம். ருமேனியா எண்டு அவங்க எழுதக்குள்ள நடுவில தொப்பி போட்ட ஒரு இங்கிலிஸ் ‘ஏ’ (â) வரும். 1953ல அதைத் தூக்கிட்டு தொப்பி போட்ட ‘ஐ’ (î) போட்டாங்க. வாசிச்சா சத்தம் ஒண்டுதான், ஆனா ‘ஏ’ இருந்தாத்தான் அந்தப் பேருக்குள்ள ரோமன் எண்ட சொல் கண்ணுக்குத் தெரியும், நாங்க ரோமாபுரி வழி வந்த ஆக்கள் எண்டு சொல்ற சனத்துக்கு அது சின்ன விசயமா? 1965லதான் நாட்டின்ட பேருக்கு அந்த எழுத்துத் திரும்பி வந்திச்சு, மத்தச் சொற்களுக்கு 1993ல.

லீவு நாள்ல தம்பிய கிசெலெஃப் றோட்டால நடந்து பாக்கச் சொல்லுங்க. அந்த றோட்டு முடியிற இடத்தில 1950கள்ல மொஸ்கோ யூனிவர்சிட்டி மாதிரியே கட்டின பெரிய கோபுரக் கட்டடம் ஒண்டு நிக்குது. அதுக்கு முன்னால நிண்ட லெனின் சிலையை 1990ல கழட்டிட்டாங்க. கிசெலெஃப் எண்டவர் 1829ல இருந்து அந்த ரெண்டு நாட்டையும் நிர்வாகம் பண்ணின ரஷ்ய ஜெனரல், அவர்ட பேர் மட்டும் அந்த றோட்டுக்கு இன்னும் இருக்கு.