கொழும்பில் நாளாந்தம் ஓடுவதற்குச் சிறிய பெற்றோல் காரா, ஹைபிரிட்டா?

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போய்வரவும் பிள்ளைகளை வகுப்புகளுக்கு ஏற்றி இறக்கவுமாக மாதம் 600 கிலோமீற்றரளவில் ஓடுவதற்கு, பாவித்த அல்ட்டோ என்ற சிறிய பெற்றோல் கார் ஒன்றை வாங்குவதா, கூடுதலாகக் கடன் எடுத்து, பெற்றோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் பற்றரியும் கொண்ட ஹைபிரிட் காரான ரொயோட்டா அக்வா ஒன்றை வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அதே காலி வீதியில் ஆறு ஆண்டுகள் 800 சிசி அல்ட்டோ ஓட்டியவன்; 2021 முதல் அக்வா ஓட்டுகிறேன். அக்வா எனக்கு மிகவும் பிடித்த கார். இருந்தாலும் உங்கள் ஓட்டத்துக்குச் சிறிய பெற்றோல் காரே போதும் என்பது என் அபிப்பிராயம்.

தாங்கியை நிரப்பி, ஓடி, மீண்டும் நிரப்பிப் பார்த்த கணக்கில், ஏ.சி. போட்டபடி நகர நெரிசலில் அல்ட்டோ எனக்கு லீற்றருக்கு 12 கிலோமீற்றரும் அக்வா 20 கிலோமீற்றரும் தந்தன. 600 கிலோமீற்றருக்கு முதலாவது 50 லீற்றர் குடிக்கும். இரண்டாவது 30 லீற்றர். கணக்குக்காக லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் மாதம் 6,000 ரூபா மிச்சம். இரண்டு கார்களுக்கும் இடையிலான விலை வித்தியாசம் 15 இலட்சம் என்று எடுத்துக்கொண்டால், அந்தப் பணம் பெற்றோலில் திரும்பி வர ஏறக்குறைய 21 ஆண்டுகள் செல்லும். அதையும் கடனாக எடுத்தால், ஆண்டு வட்டி 12 சதவீதம் என்றாலே தொடக்கத்தில் வட்டிக்கு மட்டும் மாதம் 15,000 ரூபா போய்விடும். மாதம் 2,000 கிலோமீற்றர் ஓடுபவருக்கு மிச்சம் 20,000 ரூபாவாகிவிடுவதால், அவருக்கு நான் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

ஆனாலும் ஹைபிரிட் தன் திறமையைக் காட்டுவது கொழும்பு போன்ற நகரத்தில்தான். பம்பலப்பிட்டிச் சந்தியில் நின்று நின்று ஊரும்போது சாதாரண கார் ஒவ்வொரு பிரேக்கிலும் தன் வேகத்தை வெப்பமாக வீணாக்குகிறது. அக்வா அதில் ஒரு பகுதியை மின்சாரமாக மாற்றிப் பற்றரியில் சேர்த்து, அடுத்த நகர்வுக்குப் பயன்படுத்துகிறது. அதன் ஏ.சி. கம்பிரசரும் மின்சாரத்தில் இயங்குவதால், எஞ்சின் நின்றிருக்கும்போதும் குளிர் குறைவதில்லை. சித்திரை மாத நண்பகலில் கொள்ளுப்பிட்டியில் மாட்டிக்கொண்டவருக்கு இதன் அருமை தெரியும். ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போகும்போது இந்த வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது, ஏனென்றால் சீரான வேகத்தில் அல்ட்டோவும் சிக்கனமான கார்தான்.

வெகன் ஆரையும் பலர் ஹைபிரிட் என்றே சொல்லி விற்பார்கள். 660 சிசி வகுப்பைச் சேர்ந்த அந்த ஜப்பானியக் காரில் இருப்பது எஞ்சினுக்குக் கைகொடுக்கும் சிறிய மோட்டார் மட்டுமே. அக்வாவைப் போல நெரிசலில் மின்சாரத்தில் மட்டும் ஓடும் வலு அதற்கில்லை. சிவப்பு விளக்கில் எஞ்சின் நின்றால் கம்பிரசரும் நின்றுவிடும். உள்ளே சூடு ஏறியதும் எஞ்சின் மீண்டும் இயங்கத் தொடங்கும். நல்ல கார்தான், ஆனால் ஹைபிரிட் என்ற சொல்லுக்காக அதற்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2022 ஜூன் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் 470 ரூபாவுக்கு ஏறியது. அதன்பின் கியூஆர் குறியீட்டைக் காட்டி எரிபொருளைப் பங்கீடாகப் பெறும் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர்தான் கிடைத்தது. அந்த 20 லீற்றரில் நான் 400 கிலோமீற்றர் ஓடினேன். பழைய அல்ட்டோவாக இருந்திருந்தால் 240 கிலோமீற்றருடன் நின்றிருக்கும். அந்தக் காலத்தை நினைத்து ஹைபிரிட் வாங்குபவரை நான் குறைசொல்ல மாட்டேன்.

அக்வாதான் வேண்டும் என்றால், மீற்றரில் காட்டும் ஓட்டத்தை நம்பாமல் பற்றரியைப் பாருங்கள். என் மைத்துனர் குறைவாக ஓடியது என்று சொல்லி விற்கப்பட்ட ஒன்றை வாங்கினார்; எட்டாவது மாதம் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. முதல் தலைமுறை அக்வாவின் நிக்கல் பற்றரியில் தலா 7.2 வோல்ட் கொண்ட 20 மொடியூல்கள், அதாவது சிறு பற்றரித் துண்டுகள், தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன. பழுதானதை மட்டும் மாற்றிக்கொண்டால் மலிவு என்று அவரிடம் சொன்னார்கள்; மாற்றினார்; நான்கு மாதத்தில் இன்னொன்று போயிற்று. ஒரே வயதுள்ள மொடியூல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் களைக்கும் என்பதால், முழுப் பற்றரியையும் மாற்றும் செலவை வாங்கும்போதே விலையில் கழித்துப் பேசுவதே புத்தி.

வாங்குவதற்கு முன், காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் வைத்துப் பற்றரியின் பகுதிகளுக்கிடையே வோல்ட் வேறுபடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு நண்பகலில் ஏ.சி. போட்டுத் தெஹிவளையிலிருந்து பம்பலப்பிட்டி வரை ஓட்டுங்கள். பற்றரி அளவுகாட்டி சில நிமிடங்களுக்குள் மளமளவென்று ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். வாங்கிய பின்னர், பின் ஆசனத்தின் பக்கத்திலுள்ள காற்றுத் துவாரத்தைப் பிள்ளைகளின் புத்தகப் பைகள் அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பற்றரிக்குக் குளிர்ந்த காற்று போவது அந்த வழியாகத்தான்.