அணையின் அடிவாரத்தில் நீர் கசிந்தால் ஆபத்தா?

மலேசியாவின் கோலகுபு பாரு தோட்டப்புறத்து நண்பர் ஒருவர், மண் அணையின் அடிவாரத்தில் நீர் கசிந்தால் அணை உடையுமா என்று கேட்டிருக்கிறார். 1883-இல் அணை உடைந்து பழைய ஊரை வெள்ளம் சூறையாடிய இடம் என்பதால், அந்த அச்சம் நியாயமானதே.

கசியாத மண் அணை கிடையாது. எவ்வளவு கசிகிறது, தெளிவாக வருகிறதா கலங்கி வருகிறதா என்பவையே முக்கியம். கசிவு நீரை வடிகாலில் திரட்டி, ‘வி’ வடிவ வெட்டுள்ள தகட்டின் வழியே விட்டு, நீரின் உயரத்தை அளக்கிறார்கள். அந்த உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஏறத்தாழ 5.6 மடங்காகும் என்பதால், சில மில்லிமீட்டர் ஏற்றத்தையும் அலட்சியப்படுத்தக் கூடாது. நம் ஊரில் அடிக்கடி மழை பெய்து அந்த நீரும் வடிகாலில் கலப்பதால், மழையளவையும் தேக்க மட்டத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இரண்டும் கூடாதபோது கசிவு மட்டும் கூடினால், உள்ளே அரிப்பு நடக்கிறதா என உடனே ஆராய வேண்டும். அணைக்குள் புதைத்த பீசோமீட்டர்கள் நீரழுத்தத்தைக் காட்டும்.

ஆனாலும் பழகிய கண்ணுக்கு ஈடில்லை என்பதே என் கருத்து. ஆய்வாளர் கசிவு நீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்துச் சற்று நேரம் வைத்தால், அடியில் மண் படிகிறதா, அதாவது அணையின் மண் அரித்து வருகிறதா என்பது தெரிந்துவிடும். அமெரிக்காவின் டீட்டன் அணையில் 1976 ஜூன் 5 காலையில் கலங்கல் நீர் வெளிப்பட்டது. நண்பகலுக்குச் சற்று முன் அணை இடிந்தது. கலங்கலைக் கண்டால் கிட்டே போகாமல், அணை அலுவலகத்துக்கு அந்த நிமிடமே தெரிவியுங்கள்.