பல வருடங்களுக்குப் பிறகு மீண்டும் போன்சாய்: கேள்விகளும் பதில்களும்

இந்த முறை கேள்வி அனுப்பியவர்களில் பெரும்பாலானோர், ஒரு காலத்தில் போன்சாய் (சட்டியில் குறுக்கி வளர்க்கும் மரம்) வளர்த்து, வெளிநாட்டு வேலை, பிள்ளைகளின் படிப்பு, உடல்நலம் என்று ஏதோ ஒன்றால் விட்டுவிட்டு, இப்போது மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தங்கள் முற்றத்துக்குத் திரும்பியிருப்பவர்கள். எல்லோருக்கும் பொதுவாக முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: திரும்பிய முதல் வருடம் மரத்தின் பலத்துக்கு உரியது. வடிவம் அதற்குப் பிறகு.

*

கட்டாரில் பல வருடங்கள் இருந்துவிட்டு வந்திருக்கிறேன், ரீச்சர். போகும்போது இரண்டு சாண் உயரமாக இருந்த ஆலமரம், சட்டியின் துளை வழியே நிலத்தில் வேர்விட்டு மதிலுக்கு மேல் நிற்கிறது. வாப்பா தண்ணீர் ஊற்றுவதை மட்டும் விடவில்லை. இனி இதை வெட்டி எறிவதுதானா? (காத்தான்குடி)

எறியவே வேண்டாம், தம்பி. உங்கள் வாப்பா பெரிய உதவி செய்திருக்கிறார். சட்டிக்குள் இருந்திருந்தால் இந்த அடிமரப் பருமன் வருவதற்கு இன்னும் எத்தனையோ வருடங்கள் எடுத்திருக்கும். நிலத்தில் வேர் இறங்கியதால்தான் அது கிடைத்திருக்கிறது.

அவசரப்படாமல் இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். தை மாதக் கடைசியில் மேல்பகுதியை மட்டும் பாதியாகக் குறையுங்கள். கீழ்க் கிளைகளில் இலை நிற்கட்டும். பால் நிறைய வடியும், ஈரத் துணியால் ஒற்றிவிடுங்கள், சிறிது நேரத்தில் நின்றுவிடும். ஆல் முற்றிய தண்டிலும் தளிர் விடும் மரம். புதுத் துளிர்கள் நன்றாக ஓடத் தொடங்கிய பிறகு, நிலத்துக்குப் போகும் வேரைச் சட்டிக்குச் சற்றுக் கீழே பாதியளவு மட்டும் வெட்டுங்கள். மீதியை மரம் வாடவில்லை என்பதைப் பார்த்த பிறகு வெட்டலாம். சட்டியை அடுத்த தை வரை தொடாதீர்கள். அப்போது சட்டியை உடைத்தே எடுக்க வேண்டியிருக்கும், அதற்காகத் தயங்காதீர்கள். எடுத்தவுடன் ஆழமில்லாத போன்சாய்த் தட்டுச் சட்டியில் வைக்க ஆசை வரும். ஒரு வருடமாவது அடியில் நிறையத் துளையிட்ட அகலமான பிளாஸ்டிக் பேசினில் இருக்கட்டும்.

*

நான் வைத்துவிட்டுப் போன புளி இலையே இல்லாமல் நிற்கிறது. உயிர் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது, அக்கா? (கல்லடி)

நுனிக் கொப்பில் நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள், மகள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் சற்றுக் கீழே சுரண்டுங்கள், அப்படியே அடிமரம் வரை பாருங்கள். எங்கே பச்சை தொடங்குகிறதோ அதற்கு மேலுள்ளதை மட்டும் வெட்டுங்கள். புளி கடும் வரட்சியில் இலையைக் கொட்டிவிட்டு நிற்கக்கூடியது என்பதால், இலை இல்லாததை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். பசளை போடாதீர்கள். நிழலில் வைத்து அளவாகத் தண்ணீர் கொடுத்து மழைக்காலம் வரை பொறுங்கள்.

*

ஜப்பானிய முறையில் எழுதப்பட்ட புத்தகங்கள் வசந்த காலத்தில் சட்டி மாற்றச் (வேரைக் குறைத்துப் புது மண்ணில் நடச்) சொல்கின்றன. முன்பு அதன்படி பங்குனிக் கடைசியில் மாற்றுவேன், சித்திரை வெயிலில் மரங்கள் வாடிவிடும். இந்த முறை சரியாகத் தொடங்க விரும்புகிறேன். (கல்முனை)

இந்தக் கேள்விக்காகவே நான் காத்திருந்தேன். அங்கே மரம் குளிர்காலம் முழுவதும் உறங்கி, வசந்தத்தில் விழிக்கிறது. விழிக்கும் நேரத்தில் வேரை வெட்டினால் அது விரைவில் ஈடு செய்துகொள்ளும். எங்கள் மரங்களுக்கு அந்த உறக்கம் கிடையாது. அவற்றை நடத்துவது மழையும் காற்றும்தான். வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் பிடித்துத் தை வரை கொட்டுகிறது. வைகாசிக்குப் பிறகு கச்சான் என்ற வறண்ட காற்று மேற்கிலிருந்து வீசி, இலையில் உள்ள ஈரத்தைக்கூட உறிஞ்சிவிடுகிறது. ஆகவே நாட்காட்டியை இங்கிருந்தே எழுத வேண்டும்.

தைப்பொங்கல் முடிந்து கனமழை ஓய்ந்ததிலிருந்து மாசி முடியும் வரை சட்டி மாற்றுங்கள். வெயில் இன்னும் ஏறியிருக்காது, காற்றில் ஈரம் இருக்கும், வெட்டிய வேருக்குச் சித்திரைக்கு முன் பிடிக்க நேரம் கிடைக்கும். நலமான ஆல், இத்தி, அரசு ஆகியவற்றுக்கு மட்டும் புரட்டாதியில் இன்னொரு வாய்ப்பு உண்டு. கச்சான் தணிந்து முதல் தூறல் விழும் நேரம் அது. ஆனால் கார்த்திகை அடைமழைக்கு முன் வேர் பிடித்திருக்க வேண்டும். மார்கழியில் எந்த மரத்தின் வேரையும் வெட்டாதீர்கள், நீர் ஊறிய மண்ணில் வெட்டுவாய் அழுகிவிடும்.

நெடுநாள் கவனிப்பில்லாத மரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேரை எடுக்க வேண்டாம். மாற்றிய பிறகு அடிமரத்தைக் கம்பியால் சட்டியோடு கட்டுங்கள். காற்றில் மரம் ஆடினால் புது வேர் அறுந்துகொண்டே இருக்கும். இரண்டு மூன்று வாரம் நிழல், ஒரு மாதத்துக்குப் பசளை இல்லை.

அடைமழை நாட்களில் சட்டியின் ஒரு பக்கத்தில் செங்கல் துண்டை வைத்துச் சரித்துவிடுங்கள், தண்ணீர் தேங்காது. கச்சான் காலத்தில் மதில் ஓரமாக மாற்றுங்கள். தகர வேலிக்கு அருகில் மட்டும் வைக்காதீர்கள், அந்தச் சூட்டில் ஒரே மதியத்தில் இலை கருகும். தண்ணீர் தேவையா என்ற சந்தேகம் வந்தால் ஓர் ஈர்க்கை மண்ணில் குத்தி வைத்து எடுத்துப் பாருங்கள். ஈரமாக வந்தால் ஊற்ற வேண்டாம்.

*

எங்கள் கிணறு ஆவணி மாதத்தில் உவர்க்கிறது. இலை நுனி கருகுகிறது, சட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிகிறது. (களுவாஞ்சிக்குடி)

வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மணல் நிலத்தில் நன்னீர் மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. கோடையில் அது இன்னும் மெலிந்து உப்பு மேலே வருகிறது. நீங்கள் பார்க்கும் வெள்ளை அந்த உப்புதான். கோடையில் சிறிது சிறிதாகத் தெளிப்பதே பெரிய கேடு, ஏனென்றால் நீர் ஆவியாகிப் போக உப்பு மட்டும் மண்ணில் சேர்கிறது. ஊற்றினால் அடித்துளை வழியே நன்றாக வடியும்வரை ஊற்றுங்கள். கூரை மழைநீரைப் பீப்பாயில் மூடிச் சேமித்து, வாரத்துக்கு ஒரு முறையாவது அதனால் மண்ணைக் கழுவுங்கள். குழாய் நீரும் நல்லது, ஓர் இரவு திறந்த வாளியில் வைத்துவிட்டு ஊற்றுங்கள். உப்பைச் சற்றுத் தாங்கும் மரம் வேண்டுமென்றால் பூவரசும் சவுக்கும் இருக்கின்றன. சவுக்கின் வேரில் முடிச்சுகள் இருக்கும். காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுக்கும் நுண்ணுயிர்கள் அவற்றில் வாழ்கின்றன. சட்டி மாற்றும்போது பழைய மண்ணில் ஒரு பிடியைப் புது மண்ணோடு சேருங்கள்.

*

தங்கச்சி, 2004 சுனாமியில் வீட்டோடு மரங்களும் போய்விட்டன. அதன்பின் மனம் வரவில்லை. இப்போது பேரப்பிள்ளை கேட்கிறாள். எனக்கு வயது எழுபதை நெருங்குகிறது. விதை போட்டு மரம் பார்க்க எனக்குக் காலம் இருக்கிறதா? (திருக்கோவில்)

அண்ணன், உங்கள் கேள்வியை வாசித்துவிட்டு நெடுநேரம் எதுவும் எழுத முடியவில்லை. 1923இல் தோக்கியோவைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியபோது அங்கிருந்த போன்சாய் வளர்ப்பாளர்களும் இடத்தை இழந்தார்கள். அவர்களில் ஒரு குழு வடக்கே ஓமியாவுக்குப் போய், 1925இல் போன்சாய்க் கிராமம் ஒன்றைத் தொடங்கியது. அந்த இடம் இன்றும் உலகம் முழுவதும் அறியப்பட்ட ஊராக இருக்கிறது. இழந்தவர்கள் மீண்டும் தொடங்கிய கலை இது.

விதை வேண்டாம். பதியம் வையுங்கள். ஊரில் தெரிந்தவர் வளவில் ஆல் அல்லது இத்தி மரம் இருந்தால், பெருவிரலை விடப் பருமனான, நல்ல வளைவுள்ள ஒரு கொப்பைத் தேர்ந்தெடுங்கள். கொப்பின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலத்துக்குப் பட்டையை வளையமாகச் சீவி எடுங்கள். பச்சைப் படலம் மிச்சமிருந்தால் அதையும் சுரண்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பட்டை மீண்டும் ஒட்டிக்கொள்ளும். நனைத்துப் பிழிந்த தேங்காய்த் தும்பை அதைச் சுற்றிப் பொத்தி, பொலித்தீனால் இறுக்கிக் கட்டுங்கள். மழைக்காலத் தொடக்கத்தில் கட்டினால் ஓரிரு மாதத்தில் வெள்ளை வேர்கள் பொலித்தீன் ஊடாகத் தெரியும். அதற்குக் கீழே அறுத்து நட்டால், பருத்த அடிமரத்தோடு உங்கள் மரம் தொடங்குகிறது. பேத்தி புளியங்கொட்டை போடட்டும். அந்த மரம் அவளுக்கு.

*

வளைத்து வடிவமைக்கக் கிளையில் கட்டிய கம்பி பட்டைக்குள் புதைந்துவிட்டது. (ஏறாவூர்)

சுற்றிச் சுற்றி அவிழ்க்க வேண்டாம், பட்டை உரிந்து வரும். ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியாக வெட்டி, துண்டு துண்டாக எடுங்கள். முழுவதும் மூடிவிட்ட துண்டை அப்படியே விட்டுவிடுங்கள். ஆலில் தழும்பு வருடங்கள் போகப் போக மங்கும். இனிக் கட்டினால் மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை பாருங்கள். அப்போது கிளை மிக வேகமாகப் பருக்கும்.

*

நுவரெலியாவிலிருந்து ஜூனிபர் ஒன்று வாங்கி வந்தேன். பச்சையாகத்தான் இருக்கிறது. இங்கே நிற்குமா? (அம்பாறை)

நான் ஊக்கப்படுத்த மாட்டேன். அந்த மரத்துக்குக் குளிர்கால ஓய்வு தேவை, நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் இருக்கிறது. வேர் செத்த பிறகும் பல வாரங்கள் பச்சையாகவே நிற்பது ஜூனிபரின் இயல்பு, ஆகவே பச்சையை நம்பாதீர்கள். ஊசியிலைத் தோற்றம்தான் வேண்டுமென்றால் சவுக்கு வளருங்கள். பச்சை இல்லாத கொப்பு வரை வெட்டிவிடாமல், கொஞ்சம் பச்சை விட்டு வெட்ட வேண்டும், அவ்வளவுதான்.

*

ஆல், அரசு வீட்டில் வைக்கக் கூடாது என்று அம்மா தடுக்கிறார். (செங்கலடி)

அம்மாவோடு வாதாட வேண்டாம், தம்பி. அந்த மரங்களைக் கோயிலோடு சேர்த்துப் பார்த்த மனம் அது. தளத்தையும் சுவரையும் பிளக்கும் வேர் என்பதும் உண்மை, ஆகவே அந்தப் பயத்தில் அனுபவமும் கலந்திருக்கிறது. புளியோ கடதாசிப்பூவோ வளருங்கள். கடதாசிப்பூவின் வேர் எளிதில் முறியும், சட்டி மாற்றும்போது மண்ணை முழுவதும் உதறாதீர்கள். கச்சான் காலத்தில் தண்ணீரைச் சற்றுக் குறைத்தால் மரம் முழுவதும் பூக்கும். அதைப் பார்த்தால் அம்மாவே சட்டியை முன்வாசலுக்குக் கொண்டுவரச் சொல்வார்.

*

களப்பு ஓரத்தில் அழகாக வளைந்த தில்லை மரங்கள் இருக்கின்றன. ஒன்றைத் தோண்டி எடுத்து மீண்டும் தொடங்கலாமா? (பொத்துவில்)

கூடாது. தில்லை நிற்கும் கண்டல் (சதுப்பு நிலக் காட்டு) சூழல் சட்டப் பாதுகாப்பில் உள்ளது. சட்டம் இல்லாவிட்டாலும் இதே பதிலைத்தான் சொல்வேன். இறாலும் மீனும் குஞ்சு வளர்க்கும் இடம் அது. தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பழைய மதில் இடுக்கிலும் கிணற்றுக் கட்டிலும் முளைத்திருக்கும் ஆல், அரசுக் கன்றுகளை வீட்டுக்காரரிடம் கேட்டு எடுங்கள். எப்படியும் பிடுங்கி எறியப்படும் கன்றுகள் அவை. கல்லிடுக்கில் நெருக்குண்டு வளர்ந்த அந்த வேருக்கு ஏற்கெனவே நல்ல தோற்றம் இருக்கும்.

*

இறக்குமதி மண் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. கத்தரிகளும் துருப்பிடித்துவிட்டன. (சம்மாந்துறை)

நெல் ஆலைகள் உள்ள ஊரில் இருந்துகொண்டு மண்ணுக்குக் கவலைப்படாதீர்கள். உடைந்த கூரை ஓட்டை இடித்து, தூளைச் சலித்து நீக்கி, இரண்டு முதல் ஐந்து மில்லிமீற்றர் வரையான துண்டுகளை எடுங்கள். அது இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, உமிக்கரியும் நன்றாக மக்கிய மாட்டெருவும் சேர்ந்து ஒரு பங்கு. கடல் மணல் வேண்டாம். கத்தரியை ஓரிரவு வினாகிரியில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, தையல் மெஷின் எண்ணெய் பூசுங்கள். சட்டிக்குக் குயவரிடம் போய்ச் சூளையில் வைக்குமுன் அடியில் இரண்டு பெரிய துளை போடச் சொல்லுங்கள்.

*

சட்டிக்கு அடியில் தண்ணீர்த் தட்டு வைத்தால் மரத்துக்குக் குளிர்ச்சி என்கிறார்கள். டெங்குப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் எச்சரிக்கிறார்கள். (மட்டக்களப்பு நகர்)

அவர்கள் சொல்வது சரி, தட்டை எடுத்துவிடுங்கள். குளிர்ச்சிக்குச் சட்டியைச் சுற்றித் தரையில் மணல் பரப்பி நனைத்தாலே போதும். மழைநீர்ப் பீப்பாயின் மூடிக்குக் கீழே நுளம்பு வலைத் துணியையும் கட்டிவிடுங்கள்.