நண்பர்கள் வீடு தேடி ஆர்.வி.யில்: முதல் வாரத்துக்கான கேள்வி பதில்

அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஊருக்கு ஒருவராகப் பிரிந்திருக்கும் நண்பர்களைப் பார்க்க, படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் ஆர்.வி. எனப்படும் வண்டியில் (எங்களுடையது 25 அடி நீளமுள்ள ‘கிளாஸ் சி’ வகை) ஒன்பது ஆண்டுகளாகக் குடும்பத்தோடு போய் வருகிறேன். கோடை விடுமுறைக்குக் கிளம்ப இருப்பவர்கள் கேட்டவற்றுக்கு என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

நியூ ஜெர்சி எடிசனிலிருந்து: அட்லாண்டா வரை ஏழு நாளில் போய்ச் சேரத் திட்டம். முதல் நாளே நீண்ட தூரம் ஓட்டிவிட்டால் பிறகு நிதானமாகப் போகலாம் அல்லவா?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முதல் நாள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள கேம்ப்கிரவுண்டில், அதாவது இப்படிப்பட்ட வண்டிகளை நிறுத்தி இரவு தங்கும் இடத்தில், தங்குங்கள். எந்த அலமாரிக் கதவு திருப்பத்தில் திறந்துகொள்கிறது, தண்ணீர்க் குழாய் எங்கே கசிகிறது, எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்பதெல்லாம் அன்றிரவு தெரிந்துவிடும். ஏதாவது விட்டுப்போயிருந்தால் வீட்டுக்குத் திரும்பி எடுத்து வரவும் முடியும். அதன் பிறகு இரண்டு இரவு வடக்கு வர்ஜீனியாவின் ஆஷ்பர்ன், இரண்டு இரவு வட கரோலினாவின் கேரி, ஓர் இரவு சார்லட் என்று வைத்துக்கொண்டால், எந்த நாளும் 300 மைலைத் தாண்டாமல் ஏழாம் நாள் மாலை அட்லாண்டா நண்பர் வீட்டில் இருப்பீர்கள். காரில் நான்கு மணி நேரம் என்று வரைபடம் காட்டும் தூரத்துக்கு ஐந்தரை மணி நேரம் ஒதுக்குங்கள். எங்கே போனாலும் பிற்பகல் 3 மணிக்குள் சேர்ந்துவிட வேண்டும்; இருட்டில், தெரியாத தெருவில், பின்பக்கம் பார்க்க முடியாத வண்டியைத் திருப்புவதைவிடக் கடினமான வேலை இந்தப் பயணத்தில் இல்லை.

நண்பர்கள் வீட்டில் குழாய் இருக்கிறது என்பதால், சுத்தத் தண்ணீர் டேங்கை நிரப்பிக்கொண்டு ஓடவும் வேண்டாம். 40 கேலன் தண்ணீர் ஏறத்தாழ 150 கிலோ எடை. அவ்வளவையும் சுமந்து டீசலையோ பெட்ரோலையோ எரிப்பானேன்?

அதே வழியில் போகும் இன்னொருவர்: பால்டிமோர் சுரங்கப் பாதையில் ஆர்.வி.யை விடமாட்டார்கள் என்கிறார்களே?

உண்மைதான். சமையலுக்கும் ஹீட்டருக்கும் வண்டியில் உள்ள புரொப்பேன் எரிவாயு டேங்க்தான் காரணம். ஐ-95 சாலையின் ஃபோர்ட் மெக்ஹென்றி சுரங்கத்திலும், பக்கத்திலுள்ள ஹார்பர் சுரங்கத்திலும் அந்த அளவு புரொப்பேனோடு போகக் கூடாது. முன்பு நாங்கள் எல்லோரும் நகரின் கிழக்கே ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் வழியாகச் சுற்றிப் போவோம். 2024 மார்ச் 26 அன்று கப்பல் மோதி அந்தப் பாலம் இடிந்து விழுந்த பிறகு, ஐ-695 சுற்றுச்சாலையின் மேற்குப் பகுதிதான் நமக்கு வழி. காலை, மாலை நெரிசல் நேரங்களைத் தவிர்த்து அங்கே போய்ச் சேருமாறு கிளம்புங்கள்.

மேரிலாந்திலிருந்து: நண்பர் வீட்டு டிரைவ்வேயில் நிறுத்தி, அவர் கராஜ் பிளக்கில் இணைத்துக்கொண்டால் ஏசி ஓடுமா?

ஓடுவது போலத் தோன்றும், நம்பாதீர்கள். சாதாரண வீட்டு பிளக் 15 ஆம்ப், 120 வோல்ட். அதாவது 1,800 வாட்தான், அதையும் மணிக்கணக்காக முழுதாக இழுக்கக் கூடாது. கூரை ஏசி ஒன்று மட்டுமே 1,500 வாட் அளவுக்கு எடுக்கும், ஓடத் தொடங்கும்போது இன்னும் அதிகம். ஒப்பிட்டுப் பாருங்கள்: கேம்ப்கிரவுண்டின் 30 ஆம்ப் இணைப்பு 3,600 வாட் தருகிறது. ஆகவே நண்பர் வீட்டில் விளக்கு, பேட்டரி சார்ஜ், சிறிய மின்விசிறி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் இன்றும் உறுத்துகிறது. ஒரு ஜூலை மாத இரவில் நண்பர் வீட்டுக் கராஜில் வண்டியை இணைத்து, உள்ளே குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று ஏசியையும் போட்டுவிட்டு, நாங்கள் வீட்டுக்குள் படுத்துவிட்டோம். இரவில் எப்போதோ, சுமை தாங்காமல் அந்த இணைப்பின் சர்க்யூட் பிரேக்கர் மின்சாரத்தைத் துண்டித்திருக்கிறது. காலையில் கராஜ் கதவைத் திறந்தால், சிமென்ட் தரையில் ஃப்ரீசரடியிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஃப்ரீசரும் அதே இணைப்பில்தான் இருந்திருக்கிறது. துருவிய தேங்காய், முருங்கைக்கீரை, கழுவி மஞ்சள் தடவி வைத்த மீன் என்று ஒவ்வொரு பொட்டலமாக நண்பரின் மனைவி எடுத்து, விரலால் அழுத்திப் பார்த்துக் குப்பைப் பையில் போட்டார். ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அன்று முதல், 'இந்த பிளக்கோடு வேறு என்னென்ன ஓடுகிறது?' என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் யார் வீட்டிலும் கம்பியைச் செருகுவதில்லை.

இன்னொன்று. பல குடியிருப்புகளில், எச்.ஓ.ஏ. எனப்படும் குடியிருப்போர் சங்கம் இரவில் ஆர்.வி. நிறுத்த அனுமதிப்பதில்லை. அபராதக் கடிதம் நண்பருக்குத்தான் வரும். கிளம்புவதற்கு முன்பே அவரைக் கேட்கச் சொல்லுங்கள். அனுமதி இல்லையென்றால் பக்கத்துக் கேம்ப்கிரவுண்டில் நிறுத்திவிட்டு அவர் காரில் போய் வாருங்கள்.

ரிச்மண்டிலிருந்து: டர்ஹமில் இருக்கும் நண்பரைப் பார்க்கப் போகிறோம். வண்டியின் உயரம் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

டர்ஹம் என்றால் கட்டாயம். கிரெக்சன் தெருவில் உள்ள ரயில் பாலத்தின் கீழ் முன்பு 11 அடி 8 அங்குல இடைவெளிதான் இருந்தது. கூரை கிழிந்த லாரிகளாலேயே அந்தப் பாலம் உலகப் புகழ் பெற்றது. 2019-இல் அதை 12 அடி 4 அங்குலமாக உயர்த்தினார்கள், மோதல்கள் அப்போதும் நிற்கவில்லை. உங்கள் வண்டியின் உயரத்தை ஏசிப் பெட்டியையும் சேர்த்து அளந்து, பெரிய எழுத்தில் ஓட்டுநர் கண்ணெதிரே ஒட்டிவையுங்கள். வேறொரு பயணத்தில் வர்ஜீனியாவின் ஷெனான்டோவா தேசியப் பூங்காவில் உள்ள ஸ்கைலைன் டிரைவ் மலைச்சாலையில் ஏற நினைத்தால், அங்கே மேரிஸ் ராக் சுரங்கப் பாதையின் உயரம் 12 அடி 8 அங்குலம்.

பெயர் வேண்டாம் என்று கேட்டவர்: கழிவறை டேங்கை நண்பர் வீட்டுச் சாக்கடையில் காலி செய்யலாமா?

வேண்டாம். கேம்ப்கிரவுண்டில் அதற்கென்று உள்ள இடத்தில் கையுறையோடு செய்யுங்கள்; முதலில் கழிவறை டேங்க், பிறகு குளியல், பாத்திரத் தண்ணீர் டேங்க். இரண்டாவதாக வரும் தண்ணீர், குழாயைக் கழுவிக்கொண்டு போகும். சாம்பார் வண்டலையும் எண்ணெயையும் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாமல் காகிதத்தால் துடைத்தெறியுங்கள்.

சார்லட்டிலிருந்து: இந்தியாவிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை ஓடும்போது பின்கட்டிலில் படுக்க வைக்கலாமா?

கூடாது. வண்டி ஓடும்வரை எல்லோரும் பெல்ட் உள்ள இருக்கையில் இருக்க வேண்டும். அவர்களுக்காக ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். கால் வீக்கமும் குறையும்.

ஒரு சகோதரியின் கேள்வி: வண்டியிலேயே படுத்தால் நண்பர்கள் தவறாக நினைப்பார்களா?

முன்னதாகவே சொல்லிவிட்டால் நினைக்க மாட்டார்கள். 'சாப்பாடும் பேச்சும் உங்களோடு, படுக்கை மட்டும் வண்டியில்' என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். மறுநாள் அலுவலகம் போகும் வீட்டில் அவர்களுக்கும் அது நிம்மதிதான். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நாங்கள் இரண்டு இரவோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆனால் வயதான பெற்றோர் உள்ள வீட்டில் அவர்கள் உள்ளே பாய் விரித்துவிட்டு அழைத்தால், மறுக்காமல் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளுங்கள். புரொப்பேன் வால்வை மூடிவிட்டு.